பூனையின் அரங்கேற்றம்

பெண்ணாடத்துக்குப் புதிதாக வருவோரை நாங்கள் முதலில் அழைத்துச் செல்லும் இடம் சுடர்க்கொழுந்தீசர் திருக்கோயில். கருவறையின் மேல் எழுந்த விமானத்தைப் பின்புறத்தே நின்று நோக்கினால், கால் மடக்கிப் படுத்துறங்கும் யானையின் முதுகு போல் அது வளைந்து தோன்றும். அதனாலேயே அப்பரும் சம்பந்தரும் பாடிய இத்தலத்துக்குத் 'தூங்கானை மாடம்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. ஊர்ப் பெயரிலும் யானை உண்டு. தேவகன்னியராகிய பெண்ணும், காமதேனுவாகிய ஆவும், மதம் பொழியும் ஐராவதமாகிய கடமும் வழிபட்டமையால் 'பெண்ணாகடம்' என்பது தலபுராணம் தரும் விளக்கம். பெண்ணுக்கும் பசுவுக்கும் யானைக்கும் இடம் தந்த அந்தப் பெயரில் பூனைக்கு இடமில்லை. அதை யாரும் குறையாகவும் எண்ணவில்லை.

ஆயினும், ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்திருக்கிறார்கள். பழமொழிகளுக்கு நாள் குறிப்பது வரலாற்று ஆசிரியனின் வேலையன்று. இந்த ஒரு பழமொழிக்கு மட்டும் நாளும் இடமும் குறித்துவிடலாம். பூனைக்கு அந்தக் காலம் 1871ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், வியாழக்கிழமை, இலண்டன் மாநகரை அடுத்த சிடன்ஹாமில் உள்ள பளிங்கு மாளிகையில் வந்தது. அன்றுதான் வீட்டுப் பூனைகளை வரிசையாகக் கூண்டில் அமர்த்தி, வகை பிரித்து, நடுவர் கொண்டு தேர்ந்து, பரிசளித்த பெரிய பொருட்காட்சி நடந்தது. அதற்கு முன்னர்ச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் சிறு காட்சிகள் நடந்ததுண்டு. ஒழுங்கான விதிகளோடு, அளவுகோல் ஒன்றை முன்வைத்து நடந்தது இதுவே.

இதைக் கேட்டதும் மாணவர்களில் சிலர் நகைக்கக்கூடும். பூனைக்குப் பொருட்காட்சியா என்பர். அன்றைய இலண்டன்காரரில் பலரும் அப்படித்தான் நகைத்தனர். ஆகவே அந்த நாளுக்குச் செல்லுமுன் நம் வீட்டிலேயே சற்றுத் தேடிப் பார்ப்போம்.

தமிழன் பூனையை அறியாதவன் அல்லன். தொல்காப்பிய மரபியல், விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுக்கும் இடத்தில், மூங்காவாகிய கீரி, வெருகு, எலி, மூன்று வரி கொண்ட அணில் ஆகிய நான்கின் இளமைக்கும் 'குட்டி' என்னும் பெயர் உரியது என்கிறது. எலியையும் அதனைத் தின்னும் வெருகையும் ஒரே விதியில் அமர்த்திய இலக்கணத்தை எண்ணிப் பாருங்கள்! வெருகு என்பது காட்டுப் பூனை. குறுந்தொகையின் 107ஆம் பாட்டிலே, விடியலில் கூவித் தன்னைத் துயிலெழுப்பிய சேவலை ஒரு தலைவி சினந்து, இளைய வெருகுக்கு நீ இரையாகுக என்று சபிக்கிறாள். கோழியைத் திருடும் காட்டு வெருகு ஒரு புறம் இருக்க, வீட்டுக்குள் வந்த பூனைக்குப் பூசை, பூஞை என்ற பெயர்களும் வழங்கின. கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிவிடப் புகுந்த ஒரு பூசைக்குத் தம்மை ஒப்பிடுகிறார். கவிச்சக்கரவர்த்தி தம்மைத் தாழ்த்திக்கொள்ளத் தேடிய உவமை பூனை என்றால், அதன் மதிப்பு அன்று எவ்வளவு என்பது விளங்கும்.

அதே பூனைக்கு வேறொரு மேடையில் மிகப் பெரிய பெருமையும் கிடைத்தது. வைணவ ஆசாரியர்கள் இறைவன் உயிரைக் காக்கும் முறைக்கு இரண்டு உவமைகள் கூறினர். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக் குட்டியோ ஒன்றும் செய்வதில்லை. தாயே அதன் பிடரியைக் கவ்வி எடுத்துச் செல்கிறது. வடகலையார்க்கும் தென்கலையார்க்கும் இடையே நிகழ்ந்த நீண்ட வாதத்தில் குரங்கு ஒரு பக்கமும் பூனை ஒரு பக்கமும் நின்றன.

மாமல்லபுரத்துக்குச் சென்ற மாணவர் எல்லாரும் ஒரு பூனையைப் பார்த்திருப்பீர்கள். அருச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறையில், ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி ஒருவன், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனை ஒன்றைச் செதுக்கி வைத்தான். அதனைச் சுற்றி எலிகள் நம்பிக்கையோடு விளையாடுகின்றன. அப்பாறையிலேயே மற்றொரு புறம் பெரிய யானைகளும் நிற்கின்றன. மக்கள் கூட்டம் யானையைப் பார்த்து வியந்துவிட்டுப் பூனையைப் பார்த்துச் சிரிக்கிறது.

நம் நாட்டில் பூனைகளை ஓரிடத்தில் கூட்டி ஆராய்ந்த நிகழ்ச்சி ஒன்றும் கதையாக உண்டு. கதை என்றே கொள்ளுங்கள். கல்வெட்டுச் சான்று எதுவும் இதற்கு இல்லை. கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509–1529) காலத்தில் விசயநகரத்தில் எலித் தொல்லை மிகுந்தது என்றும், அரசர் வீட்டுக்கு ஒரு பூனையும் அதற்குப் பால் தர ஒரு பசுவும் வழங்கினார் என்றும், சில திங்கள் கழித்து எல்லாப் பூனைகளையும் அரண்மனைக்குக் கொண்டுவரச் செய்து பார்வையிட்டார் என்றும் மக்கள் சொல்வர். எல்லார் பூனையும் கொழுத்திருந்தது. தெனாலிராமன் பூனை மட்டும் எலும்பும் தோலுமாய் நின்றது. காரணம் கேட்டபோது, 'என் பூனை பால் குடிப்பதில்லை' என்றான் அவன். கிண்ணத்தில் பாலை வைத்ததும் அது ஓட்டம் பிடித்தது. முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்து அதன் நாவைச் சுட்டிருந்தான் என்பது பின்னர்த் தெரிந்தது.

இக்கதையைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது எளிது. எனக்கு இதிலே தோன்றுவது வேறு. எலி பிடிப்பதற்காகக் கொடுத்த பூனையை, அரசர் எதைக் கொண்டு அளந்தார்? பிடித்த எலியைக் கொண்டு அன்று. ஏறிய கொழுப்பைக் கொண்டு. கண்காட்சியில் நிற்கும் எந்த உயிருக்கும் வரும் வினா இதுதான். எதற்காக வளர்த்தோமோ அதற்கும், எதைப் பார்த்துப் பரிசு தருகிறோமோ அதற்கும் தொடர்பு உண்டா? இந்த வினாவே பூனைக் கண்காட்சியைத் தொடங்கி வைத்த மனிதரையும் பின்னாளில் வருத்தியது.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். பூனையின் பால் அக்கண்டம் காட்டிய கொடுமை பெரிது. பெல்ஜியத்தின் ஈப்ரு நகரில், ஆண்டுதோறும் கடைத்தெருக் கோபுரத்தின் உச்சியிலிருந்து உயிருள்ள பூனைகளைக் கீழே எறியும் வழக்கம் இருந்தது. கடைசியாக அது நடந்தது 1817ஆம் ஆண்டில். ஒரு காலத்தில் பூனையைத் தெய்வமாக வணங்கிய எகிப்தின் கதையோ இன்னும் விந்தை. அங்கே பாடம் செய்து புதைத்திருந்த பூனை உடல்களைத் தோண்டியெடுத்துக் கப்பலேற்றி, 1890இல் லிவர்பூல் துறைமுகத்தில் ஏலம் விட்டு, அரைத்து வயலுக்கு எருவாக்கினர். ஏறக்குறைய 1,80,000 பூனைகளின் உடல்கள் என்பது கணக்கு. பூனைக் கண்காட்சி தொடங்கிப் பத்தொன்பது ஆண்டு ஆன பின், அதே நாட்டில் இது நடந்தது. மனிதர்களின் அன்புக்கு எல்லைக்கோடு எங்கே விழும் என்று சொல்வது அரிது.

இந்தச் சூழ்நிலையில்தான் ஹாரிசன் வியர் என்னும் ஓவியர் தோன்றினார். 1824இல் சசெக்ஸ் மாகாணத்து லூயிஸ் நகரில் பிறந்தவர். பறவைகளையும் விலங்குகளையும் வரைவதில் வல்லவர். செய்தித்தாள்களுக்கும் சிறுவர் நூல்களுக்கும் அவர் தீட்டிய படங்கள் நூற்றுக்கணக்கானவை. கோழி, புறா ஆகியவற்றின் கண்காட்சிகளில் நடுவராக இருந்து பழகியவர். நாய்களுக்கும் 1859இல் நியூகாசில் நகரில் கண்காட்சி நடந்துவிட்டது. கோழிக்கும் நாய்க்கும் உள்ள இடம், குளிர்காலத்தில் ஒவ்வொரு வீட்டு அடுப்பருகேயும் படுத்திருக்கும் பூனைக்கு மட்டும் ஏன் இல்லை என்பது அவர் கேள்வி. மக்கள் பூனையைக் கூர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தால் அதன் அழகு புலப்படும். அழகு புலப்பட்டால் அடிப்பதும் பட்டினி போடுவதும் குறையும். இதுவே அவர் கருத்து. பரிசுக் கிண்ணம் ஒரு தூண்டில். பிடிக்க எண்ணியது மக்களின் கருணையை.

கண்காட்சிக்கு அவர் தேர்ந்த இடமும் கருதத்தக்கது. பளிங்கு மாளிகை என்பது 1851ஆம் ஆண்டின் உலகப் பொருட்காட்சிக்காக ஜோசப் பாக்ஸ்டன் இரும்பும் கண்ணாடியும் கொண்டு ஹைடு பூங்காவில் கட்டியது. பின்னர் பிரித்தெடுத்து, 1854இல் சிடன்ஹாம் குன்றின்மேல் மீண்டும் நிறுவப்பட்டது. உலக நாடுகளின் இயந்திரங்களும் இரத்தினங்களும் காட்சி தந்த புகழுக்கு உரிய மாளிகை. அங்கே பூனையைக் கொண்டு வைப்பது, நம் ஊரில் வீட்டுத் திண்ணையில் பாடும் ஒருவரைக் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் ஏற்றிப் பாட வைப்பது போன்றது.

வியர் முதலில் செய்த வேலை ஓர் அட்டவணை எழுதியது. எந்த நிறத்துக்கு எந்தப் பிரிவு, நீள்மயிருக்கு எது, குறுமயிருக்கு எது, ஒவ்வொரு வகையிலும் தலை, கண், மயிர், வரி, வால் ஆகியவற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்றெல்லாம் அவர் வகுத்தார். பள்ளியில் விடைத்தாள் திருத்திய எங்களுக்கு இதன் அருமை தெரியும். அளவுகோல் எழுதாமல் மதிப்பெண் போடுகிறவன் முகம் பார்த்தே போடுவான். மேலும், தொழிலாளர் வீட்டுப் பூனைகளுக்கென அவர் ஒரு தனிப் பிரிவு வைத்தார். சீமாட்டியின் பாரசீகப் பூனையோடு கூலிக்காரர் வீட்டுப் பூனை மோதித் தோற்க வேண்டியதில்லை. ஏழை வீட்டிலும் பூனையை நன்கு பேண ஒரு காரணம் கிடைக்கும். இந்த ஒரு பிரிவுக்காகவே அவரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நடுவர் மூவர். வியர் ஒருவர், அவருடைய தமையனும், டார்வினோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த இயற்கை ஆராய்ச்சியாளருமான ஜான் ஜென்னர் வியர் இன்னொருவர், மக்டோனா என்னும் பாதிரியார் மூன்றாமவர். கண்காட்சி நாளன்று காலை லட்கேட் ஹில் நிலையத்தில் சீட்டு வாங்கிப் புகைவண்டியில் தனியே அமர்ந்திருந்தபோது தம் மனம் மிகவும் கலங்கியது என்று வியர் பின்னாளில் எழுதினார். ஏறத்தாழ 170 பூனைகள்! கூண்டுகளில் அடைபட்டு அவை ஒன்றை ஒன்று பார்த்துச் சீறுமோ, அலறுமோ, மாளிகையே அதிருமோ என்ற அச்சம். உள்ளே நுழைந்தவர் கண்டது வேறு. சிவப்பு மெத்தைகளின்மேல் பூனைகள் அமைதியாகச் சாய்ந்திருந்தன. வைத்த புதுப்பாலை நக்கிக் குடித்தன. இடையிடையே மெல்லிய குறுகுறுப்பு ஒலி தவிர வேறு சத்தம் இல்லை.

அன்று காட்சிக்கு வந்தவற்றுள் நீள்மயிர்ப் பாரசீகப் பூனைகள் இருந்தன. சதர்லாந்துப் பிரபு அனுப்பிய ஸ்காட்லாந்துக் காட்டுப் பூனையும் இருந்தது. சயாம் நாட்டிலிருந்து வந்த, வெளிர் உடலும் கரிய முகமும் கொண்ட பூனைகளைக் கண்டு, கெட்ட கனவில் வருவது போன்ற பிராணி என்று ஒருவர் எழுதினார். இன்று உலகில் பெரிதும் விரும்பி வளர்க்கப்படும் வகைகளுள் சயாமியப் பூனை ஒன்று. புதியதைக் கண்டதும் அஞ்சி, பழகியதும் விலை கொடுத்து வாங்குவது மனித இயல்பு. எனினும், மிகப் பலவாக வந்தவை கறுப்பும் வெள்ளையும் சாம்பல் வரியுமான சாதாரண வீட்டுப் பூனைகளே.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் பூனைக் கண்காட்சி ஒரு கலையாகவும் ஒரு வாணிகமாகவும் வளர்ந்தது. 1887இல் இங்கிலாந்தில் தேசியப் பூனைக் கழகம் அமைந்தது. வியரே அதன் முதல் தலைவர். பரம்பரைப் பதிவேடு தொடங்கிற்று. 1889இல் வியர் எழுதிய நூல் பூனை வகைகளின் இலக்கணமாயிற்று. அமெரிக்காவில் 1895ஆம் ஆண்டு மே திங்களில் நியூயார்க்கு நகரத்து மாடிசன் சதுக்கத் தோட்டத்தில் நடந்த பெரிய கண்காட்சியில், 'கோசி' என்னும் பழுப்பு வரிப் பூனை முதலிடம் பெற்று வெள்ளிக் கழுத்துப்பட்டை பரிசாகக் கொண்டது. 1910இல் பிரிட்டிஷ் கழகங்கள் கூடி ஒரே ஆட்சிக் குழுவை நிறுவின.

இந்த வளர்ச்சியின் நடுவே ஒரு துயரமும் உண்டு. பூனைகளைப் பல ஊர்களிலிருந்து ஓரிடத்தில் கூட்டியபோது நோயும் கூடிற்று. கண்காட்சியிலிருந்து நலமாக வீடு திரும்பிய பூனை சில நாளில் வாந்தியும் காய்ச்சலும் கண்டு மடிவது வழக்கமாயிற்று. 'கண்காட்சிக் காய்ச்சல்' என்றே அதற்குப் பெயரிட்டனர். அது நுண்மமாகிய வைரசால் வருவது என்று 1928இல்தான் நிறுவப்பட்டது. தடுப்பூசி அதற்கும் பின்னரே வந்தது. இன்று கண்காட்சி வாயிலில் கால்நடை மருத்துவர் நின்று ஒவ்வொரு பூனையின் வாய், கண், காது, தோல் ஆகியவற்றைப் பார்த்துச் சான்றிதழைச் சரிபார்ப்பதன் பின்னே, பரிசு வாங்கி வந்து மடிந்த எத்தனையோ பூனைகளின் வரலாறு இருக்கிறது.

1892இல் வியர் தாம் தோற்றுவித்த கழகத்தை விட்டு விலகினார். உறுப்பினர் பலருக்குப் பூனையின் நலத்தைவிடத் தத்தம் பதக்கமே பெரிதாகிவிட்டது என்பது அவர் மனக்குறை. அவர் தொடங்கிய தேர் அவருக்கு வேண்டாத தெருவில் ஓடியது. அவர் 1906இல் மறைந்தார். பளிங்கு மாளிகை 1936ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு தீயில் அழிந்தது. கண்காட்சி மட்டும் நாடு நாடாகப் பரவிற்று.

நம் நாட்டுக்கு அது வந்தது மிகவும் பின்னரே. அண்மை ஆண்டுகளில் மும்பை, பெங்களூர், சென்னை முதலிய நகரங்களில் பூனைக் கண்காட்சிகள் நடக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு எங்கள் தெருவிலிருந்தே ஒரு பூனை சென்றது. கல்லூரியில் பயிலும் ஒரு மாணவி அதனை வளர்த்தாள். அவள் தந்தையும் என்னிடம் படித்தவர். வெள்ளாற்றங்கரை வயலில் விளைந்த நெல்லை மூட்டையாக அடுக்கும் அறையே அந்தப் பூனையின் ஆட்சிப் பகுதி. சாம்பல் நிறத்தில் கரு வரி, ஏழு வயது, சண்டையில் கிழிந்த இடக்காது. எலியும், எலியைத் தேடி வரும் பாம்பும் அவ்வீட்டை அண்டாதிருப்பதற்கு அதுவே காரணம் என்று அந்த வீட்டுப் பாட்டியார் சொல்வார்.

கண்காட்சி விதிகளை அச்சிட்டு எடுத்துக்கொண்டு அந்தப் பெண் என்னிடம் வந்தபோது அவள் முகம் வாடியிருந்தது. பாரசீகப் பூனையின் முகம் எப்படி இருக்க வேண்டும், வங்காளப் பூனையின் புள்ளி எப்படி இருக்க வேண்டும் என்ற இலக்கணங்களைப் படித்திருந்தாள். "ஐயா, இதில் எங்கள் பூனைக்கு ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. நல்ல இனக் குட்டி ஒன்று வாங்கித் தரும்படி அப்பாவிடம் கேட்கலாம் என்று இருக்கிறேன்" என்றாள். நான் அவளுக்கு 1871இன் கதையைச் சொன்னேன். அன்று பரிசுக்கு வந்தவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பரம்பரைச் சீட்டே இல்லை என்றேன். பிறகு விதிகளை இருவருமாக மீண்டும் படித்தோம். பின்பக்கத்தில், 'வீட்டுச் செல்லப் பூனைகள்' என்று ஒரு பிரிவு இருந்தது. அதில் இன இலக்கணம் இல்லை. உடல்நலம், தூய்மை, மயிரின் பொலிவு, குணம் ஆகியவையே அளவுகோல். உலகின் பல சங்கங்களில் இப்பிரிவு உண்டு. வளர்ந்த பூனையானால் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சில சங்கங்களில் ஒரு கால் இழந்த பூனையும் போட்டியிடலாம். கிழிந்த காது எம்மாத்திரம்!

அதன் பின்னர் நடந்த ஆயத்தத்தை நான் திண்ணையில் இருந்தே பார்த்தேன். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்பு சீவி வண்ணம் தீட்டும் ஊர் இது. அந்த ஆயத்தம் ஒரு காலைப்பொழுதில் முடியும். பூனையின் ஆயத்தம் திங்கள் கணக்கில் நீளும். மாடு கயிற்றுக்குக் கட்டுப்படும்; பூனை பழக்கத்துக்கு மட்டுமே கட்டுப்படும்.

முதலில் கூடை. பூனையைக் கூடைக்குள் தள்ளி மூடினால் அது கூடையைப் பகையாகக் கொள்ளும். ஆகவே கதவைக் கழற்றிவிட்டு, அதன் பழைய துணியை உள்ளே விரித்து, நெல்லறையின் மூலையிலேயே கூடையை வைத்தாள். பத்து நாள் அது திரும்பியும் பார்க்கவில்லை. பின்னர் ஒரு மழை நாளில் தானே உள்ளே சென்று உறங்கிற்று. அடுத்து அயலார் கை. நடுவர், பூனையை மேசைமேல் நிறுத்தி, உடல் தடவி, வாலின் நுனிவரை விரலால் தொட்டுப் பார்ப்பார். வீட்டார் கைக்கு மட்டும் பழகிய பூனை அங்கே கீறிவிடும். கீறினால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவர். எனவே வீட்டுக்கு வருவோர் ஒவ்வொருவரும் அதனை ஒரு முறை தூக்கி இறக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. தபால்காரரும் தப்பவில்லை.

தடுப்பூசி இரண்டு: வெறிநோய்க்கு ஒன்று, முன்னே சொன்ன கண்காட்சிக் காய்ச்சலையும் சளிநோய்களையும் தடுக்கும் கூட்டு ஊசி ஒன்று. ஊசி போட்ட உடனே காப்பு வந்துவிடாது. சில கிழமைகள் ஆகும். ஆகவே அதை முன்கூட்டியே முடிக்க வேண்டும். நகம் வெட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பூனையின் நகத்தை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சிவந்த பகுதி ஒன்று தெரியும். அது இரத்தக் குழாயும் நரம்பும் செல்லும் இடம். அதற்கு முன்னே உள்ள வெள்ளை நுனியை மட்டுமே நறுக்க வேண்டும். குளிப்பாட்டுவது கண்காட்சிக்கு முதல் நாள் அன்று, மூன்று நான்கு நாள் முன்னதாக. குளித்தவுடன் மயிரின் இயற்கை எண்ணெய் போய் அது பறந்து நிற்கும். மீண்டும் படிந்து பொலிவு பெற நாள் வேண்டும். மனிதர் பூசும் சோப்பு ஆகாது. வெதுவெதுப்பான நீர், காதில் நீர் புகாத எச்சரிக்கை, துவட்டி வெயிலின் இளஞ்சூட்டில் அமர்த்தல். அது தன்னைத் தானே நக்கித் துடைத்துக்கொள்ளும் வேலையில் முக்கால் பங்கு முடிந்துவிடும்.

இங்கிலாந்தில் வேறொரு வழக்கம் உண்டு என்று அவளிடம் சொன்னேன். அங்கே கூண்டுக்குள் விரிக்கும் போர்வை, நீர்க்கிண்ணம், மணல் தட்டு எல்லாம் வெள்ளையாகவே இருக்க வேண்டும். பூனைக்குப் பெயர் இல்லை, எண் மட்டுமே. நடுவர் கூண்டு கூண்டாகச் சென்று பார்க்கையில் உரிமையாளர்கள் மண்டபத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும். பட்டுத் துணி விரித்தவர் யார், பழஞ்சேலை விரித்தவர் யார் என்பது நடுவருக்குத் தெரியக்கூடாது. நம் தேர்வுத் தாளில் பெயரை மறைத்து எண் எழுதச் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

ஆயத்தம் எல்லாம் சரியாக நடந்தும் ஒரு தடை வந்தது. ஒத்திகையாகக் கூடையில் வைத்து விருத்தாசலம் வரை பேருந்தில் அழைத்துச் சென்றாள். சித்திரை வெயில். பாதி வழியில் பூனை வாயைத் திறந்து நாய் போல் இளைக்கத் தொடங்கிற்று. நாய் இளைப்பது இயல்பு. பூனை வாய் திறந்து இளைத்தால் அது அபாயக் குறி. இறங்கி, நிழலில் வைத்து, ஈரத் துணியால் பாதங்களைத் துடைத்து, அடுத்த வண்டியில் திரும்பிவிட்டாள். கண்காட்சிக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது. நுழைவுக் கட்டணமும் கட்டியாயிற்று. மயக்க மருந்து கொடுத்து அழைத்துச் செல்லலாமே என்று வீட்டில் ஒருவர் கூறினார். அவள் கால்நடை மருத்துவரைக் கேட்டாள். அவர் வேண்டாம் என்றார். அன்று மாலை அவள் என்னிடம் வந்து, "இந்த ஆண்டு போகவில்லை, ஐயா" என்றாள். கட்டணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வியர் உயிரோடிருந்திருந்தால் தம் கழகத்தில் சேர்த்துக்கொள்ள இப்படி ஒருத்தியைத்தான் தேடியிருப்பார் என்று நினைத்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. புகழ்ந்தால் பிள்ளைகள் கூசுவார்கள்.

அடுத்த மார்கழியில் மற்றொரு கண்காட்சி வந்தது. இரவு வண்டி, குளிர்ந்த காற்று, புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே உணவு நிறுத்தம், கூடைமேல் பழைய போர்வை. நுழைவுப் படிவத்தை நிரப்பும்போது மட்டும் என்னை அழைத்தாள். பெயர், வயது, நிறம் எல்லாம் எழுதிவிட்டாள். 'இனம்' என்ற இடத்தில் 'வீட்டுப் பூனை' என்று எழுதினாள். 'தந்தை' என்ற இடத்தில் ஒரு கோடு. 'தாய்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பாட்டியாரைக் கேட்டாள். "அதே நெல்லறையில் இருந்த பழைய பூனை என்று எழுது" என்றார் பாட்டியார். அப்படியே எழுதப்பட்டது.

கிண்ணம் எதுவும் வரவில்லை. நடுவர் ஒரு சிறு தாளில் பற்கள் தூய்மை, மயிர் நல்ல நிலை, கையில் எடுத்தபோது அமைதி என்று குறித்துத் தந்திருந்தார். வகுப்பில் வந்த பதினொரு பூனைகளில் அதற்கு நான்காம் இடம். அந்தத் தாளை அவர்கள் நெல்லறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறார்கள். கீழ்ப்பாதி இப்போது இல்லை; எலி கடித்ததோ, பூனையே கிழித்ததோ, அதைப் பற்றி அவ்வீட்டில் இன்னும் இரண்டு கருத்துகள் உண்டு.